நின்ற பிறகு வந்தது

எனக்கு நாற்பத்தேழு வயது நடந்தபோது, ஒரு தை மாதத்துக் காலையில் முதல் தடவையாக அந்தச் சூடு வந்தது. காய்ச்சல் சூடு மாதிரி இல்லை. மார்புக்கு நடுவிலிருந்து கிளம்பி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி, காது மடல் வரை போய் நின்றது. வெளியில் பனி இன்னும் விலகவில்லை. தெருவில் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். எனக்கோ ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை மொத்த வியாபாரியிடம் எனக்குச் சேலை பார்க்கிற வேலை. தறிக்காரர்கள் கொண்டுவந்து போடும் சேலையை மாடியில் விரித்து, இழை எங்காவது அறுந்திருக்கிறதா, ஜரிகை பிசிறியிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று முந்தியிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரை பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் மடித்து அடுக்க வேண்டும். தரையில் பாய் போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கும். நாள் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருப்போம். வெயில் பட்டால் சாயம் மங்கும் என்று ஜன்னல் திறக்க மாட்டார்கள். விரித்த பட்டு பறக்கும் என்று மின்விசிறியும் பெரும்பாலும் ஓடாது. இருபது வருஷமாக அந்த அறை என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்த வருஷம்தான் அது என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைக்க ஆரம்பித்தது.

அன்றைக்கு என் கையில் இருந்தது சந்தன நிறச் சேலை. புருவத்திலிருந்து ஒரு சொட்டு வேர்வை அதன் உடலில் விழுந்தது. சொட்டின் ஓரத்தில் உப்புப் படிந்தால் காய்ந்த பிறகும் வளையம் தெரியும். நான் முந்தானையால் ஒற்றி எடுப்பதற்குள், எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள். சிரித்தாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அந்த மாடியில் என்னோடு வேலை பார்த்தவள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். கனத்த உடம்பு, சர்க்கரை வியாதிக்கு மாத்திரை, வாய் ஓயாத பேச்சு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், சேத்துப்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு வெளிர் நிறச் சேலைதான் கட்டுவாள். மறுநாளும் அதையே கட்டிக்கொண்டு வேலைக்கு வருவாள். ரோஜா நிறம், இளநீலம், பால் வெள்ளை. கறுப்பாக இருக்கிறவளுக்கு அதெல்லாம் எடுப்பாக இருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு மாச விலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. "நின்னாப்புல ஜெயிலு கதவத் தொறந்து வுட்ட மாரி இருக்குது. கொஞ்ச நாளு இந்தப் பேஜாரு, அப்புறம் நிம்மதி" என்று எனக்குச் சொன்னாள்.

எனக்கு அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. தூக்கம் போயிற்று. சேலை மடிக்கிற வரிசை திடீரென்று மறந்துபோகும். கையில் துணி இருக்கும், அடுத்து எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. அவர்களைத் தூக்கிப் புரட்டிப் போட்டு, சோறு ஆக்கி வைத்துவிட்டு, சேவூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவேன். பஸ்ஸில் யாராவது மேலே இடித்தால் அறைந்துவிடலாம் போலக் கோபம் வரும். இறங்கியதும் அழுகை வரும். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. விலக்கு சில மாதம் வரும், சில மாதம் வராது. வந்தால் ஆற்று வெள்ளம்.

இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாடியில் அக்காவிடம் சொல்வேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருந்தாள்.

பங்குனி வெயில் ஏறின ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பக்கம் நகர்ந்து வந்து காதில் சொன்னாள்.

"எனக்கு திரும்ப வந்துட்ச்சுடி."

"எது?"

"அதான். நின்னது. வயசு திரும்புது போல கீது" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சூடு. வெயிலு சூட்டுல வந்திருக்கும். நாலு எளநி குடிச்சா சரியாப் போவும்."

நானும் சிரித்தேன். ஆனால் சிரிக்கும்போதே ஏதோ உறுத்தியது. ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூடின கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு பயம்.

அதற்குப் பிறகு என்னால் அவளைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ரோஜா நிறம் போயிற்று. இளநீலம் போயிற்று. தினமும் அரக்கு, கரும்பச்சை, காப்பிக்கொட்டை நிறம் என்று கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். கோயிலுக்கும் அதேதான். கழிவறை கீழே, பின்கட்டில். தறிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிப்பதில்லை. இப்போது அவள் அடிக்கடி கீழே போய்வந்தாள். ஏறி வரும்போது படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும். நகக்கண் வெளுத்திருந்தது. பேச்சு குறைந்தது. அந்த மாடியில் முதல் தடவையாக, பட்டு உரசுகிற சத்தம் தனியாகக் கேட்டது.

"இன்னும் நிக்கலையா அக்கா?"

"வருது, போவுது. நிக்கிற நேரத்துல இப்டித்தான் ஆட்டம் காட்டுமாம். எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க."

"நின்னுதான் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே."

"அதுக்கு இப்ப இன்னான்ற?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஈஸ்டர் முடிந்து, வைகாசியில் தேதி. அவள் நினைப்பெல்லாம் அதில் இருந்தது.

சித்திரையில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து சேவூர் நிறுத்தத்தில் இறங்கினேன். இறங்கினதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடி வந்தவளுக்கு அடிப்பது போல இல்லை. உள்ளே ஒரு பறவை மாட்டிக்கொண்டு வெளியே வரத் தவிக்கிற மாதிரி அடித்தது. கை மரத்தது. நிறுத்தத்தை ஒட்டின கடைப்பலகையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அந்த ரோட்டிலேயே வண்டி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். யாரோ போய்ச் சொல்லி, கிரீஸ் கையோடு ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சு? நெஞ்சு வலியா? சொல்லு."

"தெரியலைங்க. செத்துடுவேன் போல இருக்குது."

அந்தக் கையோடே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆரணிக்குத் திரும்பினார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஒரு லேடி டாக்டரைப் பார்க்க அனுப்பினார்கள்.

அந்த டாக்டர் என்னிடம் முதலில் வியாதியைப் பற்றிக் கேட்கவேயில்லை. என் நாளைப் பற்றிக் கேட்டார். எப்போது எழுகிறேன், எவ்வளவு தூங்குகிறேன், எங்கே உட்கார்ந்து வேலை, காற்று வருமா, தண்ணீர் குடிக்கிறேனா, டீ எத்தனை, வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறேன், மனசில் என்ன ஓடுகிறது. தண்ணீர் குடிப்பதில்லை என்றதும் ஏன் என்றார். கழிவறை இருக்கிற இடத்தைச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"மாச விலக்கு நிக்கப் போற வயசு. அது எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். "ஆனா சிலருக்கு வந்தது தெரியாமப் போயிடும், சிலரைப் போட்டுப் புரட்டி எடுத்துடும். உங்களைப் புரட்டுறது வயசு மட்டும் இல்லம்மா. தூக்கம் இல்ல, காத்து இல்ல, தண்ணி இல்ல. வீட்லயும் வேலை, வெளியிலயும் வேலை. யாருகிட்டயும் வாய் தொறக்கிறதும் இல்ல. எல்லாம் சேந்துகிட்டு அடிக்குது."

என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு அதையே அவருக்கும் சொன்னார். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். விரலில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்திருக்கும்போது, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "என்கூட வேலை செய்யறவங்க ஒருத்தங்க, மேடம். நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப திரும்ப வருதாம். அதுவும் இந்த மாதிரிதானே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இல்லை" என்றார். "நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ஒரு சொட்டு பட்டாக்கூட அது மாச விலக்கு இல்ல. சும்மாவும் இருக்கலாம், சும்மா இல்லாமயும் இருக்கலாம். பாத்துத்தான் சொல்ல முடியும். அவங்களை உடனே கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது, தாரில் மட்டும் சித்திரை வெயிலின் சூடு இன்னும் இறங்கவில்லை. 

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் எழுந்து, அவர் அம்மாவை அவரே தூக்கிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.  அன்றிலிருந்து அது அவர் வேலையாயிற்று.

மாடிக்குப் போனதும் டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். கேட்கும்போதே அவள் முகம் கல்லாகிவிட்டது.

"என் விஷயத்தை எதுக்குடி வெளிய போயி பேசிகினு வர்ற?"

"பேரு சொல்லலக்கா. பயமா இருந்திச்சு, கேட்டேன்."

"உனக்கு பயமா இருந்தா நீ மருந்து சாப்புடு. எனக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு ஆஸ்பத்திரிக்குப் போனா மாப்ள வீட்ல இன்னா பேசுவாங்க? அம்மாக்காரிக்கு கர்ப்பப்பையில நோயாம், நாளைக்கு பொண்ணுக்கும் வருமோம்பாங்க. கல்யாணம் முடியட்டும்."

"அதுக்குள்ள..."

"என்னை பயமுறுத்தாத!" என்று கத்தினாள். கீழே கூடத்தில் பேச்சுச் சத்தம் நின்றது.

அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணச் சேலைகள் வந்து குவிந்த நேரம். எனக்குச் சூடு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அது இறங்கட்டும் என்று இருப்பேன். கண்ணைத் திறந்தால், அவள் அடிவயிற்றில் ஒரு கையை அழுத்திக்கொண்டு மறு கையால் மடித்துக்கொண்டிருப்பாள். எங்கள் இரண்டு பேரின் உடம்பும் அந்த மூடின அறைக்குள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தது. என்னுடையது வெறும் கூச்சல் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். அவளுடையது கூச்சல் போடவேயில்லை. அதுதான் எனக்கு நடுக்கத்தைக் கொடுத்தது.

ஒரு நாள் மதியத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து கடைக்காரர்கள் சேலை எடுக்க வந்திருந்தார்கள். மாடியில் வெளிர் நிறமாக எடுத்து விரித்து வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. விரித்துக்கொண்டிருந்தபோது அக்கா சட்டென்று எழுந்து, ஒன்றும் சொல்லாமல் கீழே போனாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், வெள்ளை விரிப்பில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. ஈரம் பளபளத்தது. விளிம்பு இன்னும் பரவிக்கொண்டிருந்தது.

படியில் முதலாளியின் குரல் கேட்டது. "வாங்க, வாங்க, மாடியிலதான் விரிச்சி வெச்சிருக்குது."

விரிப்பை உருவ முடியாது. மேலே முழுக்கப் பட்டு. சுற்றிலும் பார்த்தேன். பட்டைத் தவிர, மூடி மறைக்க ஒரு துணியும் கைக்கு அகப்படவில்லை. நான் எழுந்து போய், அந்த இடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர், முதலாளி நான்காவது ஆள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் சேலையை எடுத்து முந்தியைக் காட்டினேன். மடிப்பைத் திருப்பிக் கரையைக் காட்டினேன். புடவை வழியாக அந்த ஈரம் எனக்கு ஏறுவது தெரிந்தது. அப்போதுதான் என் சூடும் கிளம்பியது. மார்பு, கழுத்து, காது. நெற்றியிலிருந்து தாரையாகக் கொட்டியது. கையில் பட்டு இருந்ததால் துடைக்க முடியவில்லை.

வந்தவர்களில் வயதானவர் என்னையே பார்த்தார். "ஏம்மா, மயக்கமா வருதா?"

"இல்லைங்க."

"மூஞ்சி செவந்து போயிருக்குதே" என்றார் முதலாளி. "எழுந்து போயி கொஞ்சம் காத்தாட நில்லுங்கம்மா. நான் காட்டிக்கிறேன்."

"பரவாயில்லைங்க மொதலாளி. நானே காட்டிடறேன்."

அவருக்குக் கோபம் வந்ததா, சந்தேகம் வந்ததா தெரியவில்லை. என் முகத்தையும் நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் ஒரு தடவை பார்த்தார். நான் இடத்தைவிட்டு அசையவில்லை. கைக்கு எட்டாத சேலையைக்கூட உட்கார்ந்தபடியே இழுத்துக் காட்டினேன். வாசற்படியில் அக்கா வந்து நின்றாள். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் கண் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை.

அவர்கள் எடுத்து முடித்துக் கீழே இறங்கும்வரை அப்படியே இருந்தேன். எழுந்தபோது என் புடவையின் பின்பக்கம் நனைந்து கனத்திருந்தது. அக்கா கிட்டே வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"உன் சேலையிலயும் பட்ருச்சேடி" என்றாள். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதாள். "பொழுதன்னைக்கும் வருதுடி. நிக்கவே மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் மாதாவ வேண்டிகினு கெடக்கிறேன்."

"நாளைக்கு போலாமா அக்கா?"

"கூட்டிகினு போ. எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத."

மறுநாள் அந்த லேடி டாக்டர் அவளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். அதுவரைக்கும் கல்யாணத்தைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர், திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.  கர்ப்பப்பை உள்தோல் தடித்திருக்கிறது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், வேலூருக்குப் போங்கள் என்றார். தள்ளிப்போடக் கூடாது என்றார். கல்யாணம் முடியட்டுமே என்றாள் அக்கா. "கல்யாணத்துக்கு நீங்க இருக்க வேண்டாமா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா வேலூருக்குப் போக ஒத்துக்கொண்டாள்.

மகளிடம் சொல்லாமல் முடியவில்லை. சேத்துப்பட்டிலிருந்து அந்தப் பெண் வந்தாள். அம்மாவைத் திட்டினாள், கட்டிப்பிடித்தாள், கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்றாள். அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். புற்று என்று வேலூரில் சொன்னார்கள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் ஆறுவதற்குள் கல்யாணத் தேதி வந்துவிட்டது. கோயிலில் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பால் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். மாலை மாற்றும்போது எல்லாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. பயப்படாமல் விட்டதுதான் நடந்திருந்தது.

எடுத்த சதையைச் சோதித்துவிட்டு, கொஞ்சம் வெளியே பரவ ஆரம்பித்திருக்கிறது, கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கரண்ட் என்பது கதிர்வீச்சு. மகள் துணைக்கு இருக்க, அக்கா வேலூரிலேயே தங்கி அதை வைத்துக்கொண்டு வந்தாள். திரும்பி வந்தவள் பாதி உடம்பாக இருந்தாள். வேலைக்கு வரவில்லை. முதலாளி வேறு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார். அவர் மோசமானவர் இல்லை. நான் கேட்டதும் மாடியிலேயே ஒரு கழிவறை கட்டிக் கொடுத்தார். எதற்கென்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. எனக்கு நெஞ்சு படபடப்பு குறைந்துவிட்டது. சூடு எப்போதாவது வருகிறது. விலக்கு நின்று ஒரு வருஷம் தாண்டிவிட்டது. எல்லாரும் அதை நிம்மதி என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உள்பாவாடையைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பல் தேய்க்கப் போகிறேன்.

அக்கா இருக்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வேலூருக்குச் சோதனைக்குப் போகிற நாளில் நான்தான் கூடப் போகிறேன். இதுவரை போனபோதெல்லாம் நல்லபடியாகவே சொன்னார்கள். போன தடவை மட்டும், இடுப்பில் ஒரு வலி இருக்கிறது என்றாள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கரண்ட் வைத்த தழும்பாக இருக்கலாம், சீக்கிரம் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

ஆரணிக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணமங்கலம் தாண்டினதும் என் பக்கம் திரும்பினாள்.

"இருக்கலாம்னாருல்ல?" என்றாள் திடீரென்று.

"ஆமாக்கா. தழும்பாத்தான் இருக்கும்."

"இருக்கும்னு சொல்லல. இருக்கலாம்னாரு."

நான் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் போய்க்கொண்டிருந்தது.